கொப்னிட் என்று இரண்டு பேர்

கொப்னிட் க்ரீடனை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பர்மிங்ஹாமில் எட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, சிவப்புக் கோட்டும் கழுத்தளவு வெட்டிய முடியுமாக ஊருக்குத் திரும்பியிருந்தாள். என் அண்ணன் டியர்மிட் பால் கேன்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகிற வழியில் அவளைப் பார்த்தான். அன்று மதியம் அவித்த உருளைக்கிழங்கைத் தோலை உரிக்காமலே தின்றான். தட்டைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"யாருடா அது?" என்று கேட்டேன்.

"மிக்கீ க்ரீடன் பொண்ணு. அபின்னு பேரு."

"மிக்கீ வீட்டுல அபின்னு யாரும் கிடையாது. கொப்னிட்தான் இருந்தா."

"அவளே சொன்னா, அபின்னு."

"அப்ப நம்ம பேரெல்லாம் அவளுக்கு ஆகலபோல," என்றேன். அந்த வார்த்தையை நான் இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

சல்லான் ஆற்றுக்கு மேலே, மலைச்சரிவில், பத்துப் பசுக்கள் மேய்கிற வீடு அவர்களுடையது. கொப்னிட் 1938இல் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது பக்கத்து ஊரான பாலிவூர்னியின் புனிதை பெயரை வைத்துவிடுவார்கள். கொப்னிட் தேனீக்களின் புனிதை. மாடு திருட வந்த கும்பல் மேல் தேன்கூட்டைத் திறந்துவிட்டவள். பிப்ரவரி பதினொன்றாம் தேதி அவள் திருநாளன்று, அவளுடைய பழைய மரச்சிலைமேல் ரிப்பனை வைத்து அளந்து எடுத்துக்கொண்டு வருவோம். வருஷம் முழுக்க வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பசுவுக்கு மடி வீங்கினாலும், அந்த ரிப்பன்தான் முதலில் வெளியே வரும். டாக்டர் அப்புறம்.

மிக்கீயின் மகள் படித்த வகுப்பில் மட்டும் மூன்று கொப்னிட்கள். அதனால் அப்பா, தாத்தா பெயரைச் சேர்த்து "மிக்கீ டைக் கொப்னிட்" என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அழகா அசிங்கமா என்று எங்களில் யாரும் யோசித்தது கிடையாது.

யோசிக்க வைத்தது பர்மிங்ஹாம். பதினெட்டு வயதில் போய், பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேற்பார்வையாளர் அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"இது பேரா, இல்ல எழுதறப்ப யாராவது தும்மினாங்களா?"

"கொப்னிட், சார்."

"கொப்பா?" என்று பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். இங்கிலீஷ்காரர்களின் தெருப்பேச்சில் கொப் என்றால் வாய். அதுவும் மூடு என்று அதட்டும்போது சொல்கிற வாய். "கண்டக்டருக்கு வாய் வேணும்தான். அது பேர்லயே இருக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. சிரித்து முடித்துவிட்டு, "வேற பேர் எதாவது இருக்காம்மா உனக்கு?" என்று தணிவாகவே கேட்டார். அவளுக்கு பாஸ்டனில் இருந்த அத்தை ஞாபகம் வந்தது. அவளும் கொப்னிட்தான். கடிதங்களில், அபிகாயிலைச் சுருக்கி, அபி என்று கையெழுத்துப் போடுவாள்.

"அபின்னு போட்டுக்குங்க," என்றாள் இவள்.

பிற்பாடு இதை என்னிடம் சொன்னபோது, "அன்னிக்கு எனக்கு வருத்தமே இல்ல ஷீலா," என்றாள். "மழையில நனைஞ்ச கோட்டைக் கழட்டி மாட்டின மாதிரி லேசா இருந்துச்சு. அதுதான் உண்மை."

எட்டு வருஷம் அவள் அபியாகவே இருந்தாள். கூட வேலை பார்த்தவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை நடன மண்டபத்தில் பழகியவர்களுக்கும், வீட்டுக்காரி மிசஸ் ஹாட்ச்கிஸ்ஸுக்கும் அபி க்ரீடன்தான். தனக்கு வருகிற கடிதத்தில் "மிஸ் ஏ. க்ரீடன்" என்று எழுதும்படி அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள். அம்மா மரேட் ஏன் என்று கேட்காமல் அப்படியே எழுதி வந்தாள்.

1964 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மிக்கீ க்ரீடன் மாட்டுக் கொட்டகையில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தபாலாபீசுக்கு ஓடிப்போய்த் தந்தி அடித்தார். மிக்கீ டைக் கொப்னிட் என்று அவருக்குத் தெரிந்த பெயரைத்தானே அவர் கொடுப்பார்? தந்தி பர்மிங்ஹாமுக்குப் போனது. மிசஸ் ஹாட்ச்கிஸ் வாசலில் நின்று பெயரைப் படித்துப் பார்த்து, அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பர்மிங்ஹாமில் பூசை முடிந்து வெளியே வரும்போது, அங்கே இருந்த எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கொப்னிட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா விஷயம் கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்மா," என்றார்.

"என்ன விஷயம்?" என்று கேட்டாள் இவள்.

அதற்கு இரண்டு நாள் முன்பே, வெள்ளிக்கிழமை காலையில், அப்பாவைப் புதைத்தாகிவிட்டது.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா டீ போட்டாள், இரண்டு முட்டை வேகவைத்தாள், அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "தப்பு என்னோடதுதான். மிஸ் ஏ.ன்னு போடணும்னு தபாலாபீசுல சொல்லி விட்டிருக்கணும். அந்த நேரத்துல மறந்துட்டேன்," என்றாள்.

"திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்," என்பாள் கொப்னிட்.

பர்மிங்ஹாமுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. அம்மாவுக்கு இடுப்பு வலி. கொட்டகையில் பத்துப் பசு. அந்த வேலையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஆனால் பழக்க தோஷம், புதிதாகப் பார்க்கிறவர்களிடம் அபி என்றே சொல்லிக்கொண்டாள். டியர்மிட்டிடமும் அப்படித்தான் சொன்னாள்.

என் அண்ணன் எதையும் நிதானமாகச் செய்கிறவன். பால் கேன்களோடு இரண்டு வருஷம் அந்த வழியாகவே போய் வந்தான். அது சுற்று வழி. 1966இல் ஒருவழியாகக் கேட்டான். அதற்குள் எனக்கும் அவளுக்கும் நன்றாக ஒட்டிவிட்டது. கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பதற்கு முன்னால் காகிதங்களைச் சரிபார்க்கப் பங்குச் சாமியார் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. "நீயும் வா ஷீலா. அங்க உக்காந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்," என்றாள். போனேன்.

உதவிச் சாமியார் புதிதாக வந்தவர், இளைஞர், மூக்குக் கண்ணாடி. மேஜைமேல் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"பர்மிங்ஹாம் பங்குல இருந்து கடிதம் வந்திருக்கு. அபிகாயில் க்ரீடனுக்குக் கல்யாணம் செய்யத் தடை ஒண்ணும் இல்லையாம். சர்க்கார் பிறப்புச் சீட்டுல கொப்னிட்னு இருக்கு. நம்ம ஞானஸ்நானப் புத்தகத்துல ரெண்டு பேருமே இல்ல. டெபோரா க்ரீடன்னு ஒருத்திதான் இருக்கா. மூணு பொண்ணுங்க சேர்ந்து ஒரு மாப்பிள்ளையைக் கட்டிக்கறதா இருந்தா, நான் ஆயரைத்தான் கேக்கணும்."

கொப்னிட் திகைத்துப் போனாள். "டெபோராவா? அது யாரு?"

"நீங்கதாம்மா. அந்தக் காலத்துச் சாமியார்கள் நம்ம பேரை அப்படியே எழுத மாட்டாங்க. பைபிள்லயோ புனிதர் பட்டியல்லயோ பக்கத்துல எது இருக்கோ அதைப் போட்டுடுவாங்க. ஆனா இது சும்மா வைச்சது இல்ல. எபிரேய மொழியில டெபோரான்னா தேனீ. உங்க புனிதை தேனீக்காரிதானே. எழுதினவர் கொஞ்சம் படிச்சவர்."

"அப்ப கொப்னிட்னா தேனீ இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல. கொல்லன்ங்கற சொல்லுல இருந்து வந்ததும்பாங்க. இரும்படிக்கிறவன். பாலிவூர்னியில புனிதையோட பழைய வீட்டைத் தோண்டினப்ப இரும்புக் கசடு கிடைச்சதே, பதினஞ்சு வருஷம் முந்தி. கேள்விப்படலையா?"

கொப்னிட் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சாணி அள்ளியும் பால் கறந்தும் காய்த்துப் போன கை. "கொல்லன் கைதான்," என்றாள்.

மாப்பிள்ளை பக்கமும் இதே கூத்துதான். டியர்மிட் என்றால் பொறாமை இல்லாதவன் என்று சிலர் பொருள் சொல்வார்கள். புத்தகத்தில் அவன் எரேமியா, பைபிளில் புலம்பல் பாடியவர் பெயர். "புலம்பறதுக்குப் பொருத்தமா வைச்சிருக்காங்க," என்றேன். சாமியார் சிரித்தார். என் பெயரும் பள்ளிக்கூடப் பதிவில் ஜூலியா என்றுதான் இருந்தது. நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு சாமியார் பதிவைக் குறித்துக்கொள்ளப் பெரிய புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, விரலை ஓட்டினார். "மைக்கேல் க்ரீடன், மார்கரெட், மகள் டெபோரா. நவம்பர் 1936."

"முப்பத்தெட்டு, சாமி. ஜூன் மாசம்."

"முப்பத்தாறுன்னுதான் இருக்கு."

"என் வயசு எனக்குத் தெரியாதா?"

அவர் நான்கு பக்கம் தள்ளிப் பார்த்தார். அங்கேயும் மைக்கேல் க்ரீடன், மார்கரெட், மகள் டெபோரா. ஜூன் 1938. மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். அப்போதுதான் ஓரத்தில் இருந்ததை மூன்று பேரும் கவனித்தோம். பென்சிலால் போட்ட ஒரு சின்னச் சிலுவை, பக்கத்தில் ஒரு தேதி. பிப்ரவரி 1937.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

இரண்டு பேரும் மலையேறி அவள் வீட்டுக்குப் போனோம். நான் வாசலோடு நின்றுகொள்ளப் பார்த்தேன். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மரேட் சோடா ரொட்டிக்கு மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு முன்னாடி ஒரு கொப்னிட் இருந்தாளா?"

மரேட் மாவின் மேல் கத்தியால் சிலுவை போட்டாள். அதை அடுப்பில் வைத்து மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இருந்தா," என்றாள்.

"எத்தனை நாளு?"

"பதினோரு வாரம். இருமல் வந்துச்சு. முந்தின வருஷத்து ரிப்பனைக் கழுத்துல சுத்தி வைச்சேன். நிக்கல."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல." மேஜையில் சிந்தியிருந்த மாவைக் கையால் கூட்டினாள். "உனக்கு அந்தப் பேரு வைக்க வேணாம்னு எல்லாருமே சொன்னாங்க. போன பிள்ளையோட பேரை வந்த பிள்ளைக்கு வைச்சா ஆகாதுன்னாங்க. உங்க அப்பா கூட, வேற எதாவது வைக்கலாமேன்னார். நான்தான் விடல. பதினோரு வாரத்துல ஒரு பேரை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? நான் இன்னும் கூப்பிட்டு முடிக்கல, கண்ணு. அவ்வளவுதான்."

அறையில் ரொட்டி வேகிற வாசனை வர ஆரம்பித்திருந்தது. கொப்னிட் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

"அப்ப என்னைக் கூப்பிட்டப்பல்லாம் அவளைத்தான் கூப்பிட்டியா?"

 மரேட், கேள்வி நியாயமானது என்று நினைத்தவள் மாதிரி யோசித்தாள்.

"முதல் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நீ நடக்க ஆரம்பிச்ச. கோழி பின்னாடி ஓடின, விழுந்த, என்னைப் பாத்துக் கத்தின. அவ நடக்கவே இல்லையே. அதுக்கப்புறம் அது உன் பேருதான். வேற யாரோடதும் இல்ல."

"அதைத்தான் நான் நாலு பேர் சிரிச்சாங்கன்னு விட்டுட்டேன்."

"பஸ்ல சீட்டுக் கிழிக்கறதுக்கு எந்தப் பேரா இருந்தா என்ன? கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வந்தது நீதானே," என்றாள் மரேட். பிறகு என் பக்கம் திரும்பி, "உக்காரு ஷீலா. ரொட்டி வெந்துடும். வெண்ணெய் புதுசு," என்றாள்.

அன்று மூன்று பேரும் சூடான ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம். யாரும் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. கொப்னிட் மட்டும் மூன்றாவது துண்டு கேட்டாள்.

அடுத்த நாள் காலையிலேயே சாமியாரிடம் போய், "ஓலையில கொப்னிட்னு படிங்க சாமி. மத்த ரெண்டையும் புத்தகத்துல எங்கயாவது எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்படியே படித்தார். என் அண்ணனுக்குத்தான் கஷ்டம். இரண்டு வருஷமாக அபி என்று பழகிய நாக்கு. "அபி... கொப்னிட், அந்த வாளியைக் குடு," என்று ஒரு வருஷம் தடுமாறினான். சண்டை வந்தால் மட்டும் தடுமாற மாட்டான். தெளிவாக "டெபோரா" என்பான். அவள் "சொல்லுங்க எரேமியா" என்பாள். அதோடு சண்டை முடிந்துவிடும்.

1968இல் பெண் குழந்தை பிறந்தது. என்ன பெயர் என்று ஊரில் யாரும் கேட்கக்கூட இல்லை. கொப்னிட்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கொப்னிட்டும் அப்படித்தான் நினைத்திருந்தாள். குழந்தையைப் பார்க்க வந்த மரேட், மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, "அந்தப் பேரு வேணாம்," என்றாள்.

"ஏம்மா? உனக்காகத்தான் வைக்கலாம்னு இருந்தேன்."

"இப்பத்தான் அது ஒரே ஆளோட பேரா ஆகியிருக்கு. அப்படியே இருக்கட்டும். இவளுக்குப் புதுசா ஒண்ணு வை. எங்கயும் இருந்து எடுக்காத பேரா வை."

எந்தப் பெயரும் எங்கிருந்தாவது எடுத்ததுதானே. கடைசியில் ஃபினூலா என்று வைத்தார்கள். இரண்டு குடும்பத்திலும் அதுவரை யாருக்கும் அந்தப் பெயர் இருந்ததில்லை. வெண்தோள் உடையவள் என்று பொருள். டியர்மிட் குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "பீட்ரூட் மாதிரி செவந்து கிடக்கு. வேற பேரு பாருங்க," என்றான். யாரும் அவன் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகளில் பங்கு அலுவலகத்தில் வாரம் இரண்டு காலை வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கொப்னிட் போனாள். முப்பது வருஷம் அங்கே இருந்தாள். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கடிதங்கள் வரும். என் கொள்ளுத்தாத்தா கொர்னீலியஸ், உங்கள் பங்கில் பிறந்தவர், தேடித் தர முடியுமா என்று. ஊரில் கொர்னீலியஸ் என்று யாரையும் யாரும் கூப்பிட்டதில்லை, அவர் க்ரோஹூர் ஆகத்தான் இருந்திருப்பார், வீட்டில் அதைச் சொல்லிக் கேளுங்கள் என்று எழுதுவாள். திமொத்தியைத் தேடுகிறவர்களுக்கு டைக்கைக் கண்டுபிடித்துக் கொடுப்பாள். டைக் என்றால் கவிஞன் என்று கூடவே ஒரு வரி சேர்த்து எழுதுவாள். சிகாகோவிலிருந்து ஒரு கொர்னீலியஸ் நேரிலேயே வந்தார். க்ரோஹூர் என்றால் வேட்டை நாய்களிடம் பிரியம் உள்ளவன் என்று அவள் சொன்னபோது மனிதர் சங்கடத்தோடு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அலுவலக நாயைக் கட்டிப்போட்ட பிறகுதான் அவர் காரை விட்டே இறங்கியிருந்தார்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேட்ட பெயரைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிட மாட்டாள். அதே பெற்றோருக்கு முந்தின வருஷங்களில் என்னென்ன பதிந்திருக்கிறது என்று புரட்டுவாள். பல வீடுகளில் அதே பெயர் இரண்டு தடவை இருக்கும். அப்போது புத்தகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இன்னொரு விஷயமும் இருக்கு. சொல்லட்டுமா, வேணாமா?" என்று கேட்பாள். எல்லோரும் சொல்லச் சொல்வார்கள். பாஸ்டனிலிருந்து வந்த ஒரு பெண்மணி மட்டும், கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம்," என்றாள். கொப்னிட் புத்தகத்தை மூடி, அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அந்த இன்னொரு பெயரை என்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன்.

மரேட் 1981 அக்டோபரில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். மிக்கீ கிடந்த இடத்திலேயே வைத்தோம். அதுவரை அந்தக் கல்லில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. கொப்னிட் கல் வெட்டுகிறவரிடம் இரண்டு பெயர் எழுதிய தாளைக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கொப்னிட் க்ரீடன், 1936, 1937. இதென்னங்க?"

"என் அக்கா. அங்கதான் இருக்கா, அப்பாவுக்கு முன்னாடியே."

"அதுக்கில்ல. உங்க பேரும் அதுதானே. கல்லுல போட்டா, நீங்க செத்துட்டதா ஊர்ல நினைப்பாங்க."

"நினைக்கட்டுமே. குலுக்கல் சீட்டு விக்க வர்றவங்க தொல்லையாவது குறையும்."

அவர் சிரிக்கவில்லை. வேலையில் கறாரானவர். "பங்குப் புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படிப் போடறதுதான் முறை," என்றார்.

"புத்தகத்துல டெபோரான்னு இருக்கு. எங்க அம்மா அவளை ஒரு தடவை கூட டெபோரான்னு கூப்பிட்டதில்ல," என்றாள் கொப்னிட்.

கொப்னிட் என்றே வெட்டினார். வெட்டி முடிந்த நாளன்று அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எழுத்து நன்றாக வந்திருக்கிறது, தேதியில் ஒரு எண் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றாள்.  மறுநாள் அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

டியர்மிட் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கொப்னிட் இப்போது மகள் ஃபினூலாவோடு இருக்கிறாள். எண்பத்தாறு வயது. ஞாபகசக்தி என்னைவிட நன்றாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் நான் போவேன், இரண்டு பேரும் சீட்டு ஆடுவோம். நாற்பத்தைந்து என்கிற சீட்டாட்டம்தான், எங்களுக்கு வேறு தெரியாது. போன வாரம் சீட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, "உன் பேருக்கு அர்த்தம் பாத்தேன்," என்றாள்.

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"நீ கேக்கல, நான் பாக்கல. ஷீலா நம்ம பேரே இல்லையாம். நார்மன்காரங்களோட வந்த செசிலியாதான் நம்ம வாய்ல ஷீலாவா ஆயிடுச்சாம். செசிலியாவுக்கு லத்தீன்ல மூலம் என்ன தெரியுமா?"

"என்னவாம்?"

"கண்ணு தெரியாதவ."

அதைச் சொல்லிவிட்டு, அந்த ஆட்டத்திலேயே பெரிய சீட்டான துருப்பு ஐந்தை எடுத்துப் போட்டாள். அது அவள் கையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. அன்றைய ஆட்டம் அவளுக்குப் போனது. நான் சீட்டைக் கலைத்து மறுபடி போட்டேன்.